தொண்ணூற்றாறு அட்டைகளில் இந்திய ஆளுமைகள்: ஏழு மாதம் வகுப்பில் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு மதுரைப் புத்தகத் திருவிழாவில், இந்திய ஆளுமைகளைப் பற்றிய பட அட்டைப் பெட்டி ஒன்றை எங்கள் பள்ளிக்காக வாங்கினேன். அச்சிட்ட விலை 650 ரூபாய். வழக்கமான பத்து விழுக்காடு கழிவு போக 585 ரூபாய் ஆயிற்று. சமயம், அரசியல், விளையாட்டு, கலை என்று நான்கு நிறங்களில் பிரித்த 96 அட்டைகளும், விளையாட்டு விதிகள் அச்சிட்ட ஒரு தாளும், நான்கு வெற்று அட்டைகளும் பெட்டியில் இருந்தன. அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துபவன் நான். ஏழு மாதங்கள், வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் இந்த அட்டைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பதிப்பாளரின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. பிழைகளைச் சுட்டி நான் எழுதிய கடிதத்துக்கு, அடுத்த பதிப்பில் திருத்துவதாகப் பதில் வந்திருக்கிறது என்பது ஒரு காரணம். கடைகளில் நான் புரட்டிப் பார்த்த இதே வகைப் பெட்டிகள் மூன்றிலும் ஏறத்தாழ இதே குறைகள் இருந்தன என்பது மற்றொரு காரணம்.

நான் படித்த காலத்தில் இந்த வேலையைச் செய்து வந்தது, எழுதுபொருள் கடையில் தொங்கும் தேசத் தலைவர்கள் படத்தாள். தபால்தலையைவிடச் சற்றே பெரிய கட்டங்களில் காந்தி, நேரு, நேதாஜி, பாரதியார், ஜான்சி ராணி என்று வரிசையாக இருப்பார்கள். எல்லாருடைய கன்னத்திலும் ஒரே ரோஜா நிறம் பூசப்பட்டிருக்கும். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் நான்கு வரி வாழ்க்கைக் குறிப்பு உண்டு. கத்தரித்துச் சோற்றுப் பசை தடவிக் குறிப்பேட்டில் ஒட்டியதும் படம் மிஞ்சும், குறிப்பு மறைந்துவிடும். தலைவர்களை முகத்தால் அறிந்து, செயலால் அறியாமல் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் பசையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இந்தப் பெட்டி அந்தக் குறையை நீக்கியிருக்கிறது. ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து, இரண்டும் கையில் தங்குகின்றன.

தயாரிப்புத் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. அட்டைகள் அஞ்சலட்டை அளவில், தடித்த தாளில், பளபளப்பில்லாத பூச்சுடன், முனைகள் வட்டமாக வெட்டப்பட்டுள்ளன. எழுபது பிள்ளைகளின் கைகளில் புரண்டும் ஐந்தாறு அட்டைகளே ஓரம் நைந்திருக்கின்றன. பெட்டிதான் இரண்டாம் மாதமே மூலைகளில் கிழிந்தது. அட்டைகள் இப்போது தகர பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. எழுத்தின் அளவு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்றது. "ஸ்ரீ" வருமிடங்களில் எழுத்துரு சிதறிப் புள்ளியும் கொம்பும் தனித்தனியே நிற்பது சில அட்டைகளில் கண்ணை உறுத்துகிறது.

இனி அட்டைகளில் எழுதியிருப்பதைப் பற்றி. ஒவ்வோர் அட்டைக்கும் ஐந்து வரிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்து வரிகளில் ஒரு வாழ்க்கையைச் சொல்வது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐந்து வரிகளை எதற்குச் செலவிடுகிறார்கள் என்பதில்தான் இந்தப் பெட்டியின் நிறையும் குறையும் அடங்கியிருக்கின்றன. எம். எஸ். சுப்புலட்சுமியின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1916இல் மதுரையில் பிறந்தார் என்பது முதல் வரி. அடுத்த நான்கு வரிகளில் 1954இல் பத்ம பூஷண், 1974இல் மகசேசே விருது, 1975இல் பத்ம விபூஷண், 1998இல் பாரத ரத்னா. அவ்வளவுதான். அவருடைய தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர் என்பதோ, 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை அரங்கில் அவர் பாடினார் என்பதோ, கச்சேரிகளால் கிடைத்த பெரும் தொகைகளை மருத்துவமனைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் அளித்தார் என்பதோ அதில் இல்லை. விருதைத்தான் சொல்ல வேண்டுமென்றால்கூட, 1968இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர் என்பதைச் சொல்லியிருக்கலாம்; அதற்குப் பின்னாலாவது ஒரு கதை இருக்கிறது. அட்டையை வாசித்து முடித்த மாணவி என்னிடம் கேட்டது, "பத்ம பூஷண் பெருசா, விபூஷண் பெருசா சார்?" என்பதுதான். அன்றைய பாடவேளையில் பாதி, பத்ம விருதுகளின் படிநிலையை விளக்குவதில் போயிற்று. ஒரு பாட்டுக்கூட ஒலிக்கவில்லை.

காமராசர் அட்டையிலும் இதே கதைதான். "கிங்மேக்கர்" என்ற பட்டப்பெயர் தடித்த எழுத்தில் நிற்கிறது. அகில இந்திய காங்கிரஸ் தலைவர் பதவி, 1963இன் காமராசர் திட்டம், 1976இல் மறைவுக்குப் பின் வந்த பாரத ரத்னா ஆகியவை வரிசையாக வருகின்றன. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர், 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார் என்ற ஒரு வரி இல்லை. அந்த அட்டையை வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் பள்ளிச் சத்துணவைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தவர்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கி, காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவி, 1982இல் எம். ஜி. ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்த ஒரு வரலாற்றின் முனை அவர்கள் கையிலேயே இருந்தது. அட்டை அதை விட்டுவிட்டு, அவர்கள் வாழ்க்கையோடு தொடர்பில்லாத "கிங்மேக்கர்" என்ற சொல்லைக் கொடுத்தது.

பெட்டி முழுவதும் இப்படித்தான் என்று நான் முடிவுகட்டியிருந்தபோது ஜாதவ் அட்டை வந்தது. காஷாபா தாதாசாகேப் ஜாதவ், மகாராஷ்டிரத்தின் சத்தாரா மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்த மல்யுத்த வீரர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தவர். அட்டையின் மூன்றாம் வரி, அவருடைய பயணச் செலவுக்காகக் கோலாப்பூரில் அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தம் வீட்டை அடகு வைத்தார் என்கிறது. அந்த வரியை ஒரு மாணவன் வாசித்ததும் வகுப்பில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "வீட்டைத் திருப்பிட்டாங்களா சார்?" ஊர் திரும்பிய ஜாதவ் மல்யுத்தப் போட்டிகளில் கலந்துகொண்டு ஈட்டிய பணத்தால் அந்தக் கடனை அடைத்தார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் கூறுவதை நான் எடுத்துச் சொன்னேன். நகையடகுக் கடையின் வாசல் தெரிந்த பிள்ளைகள். அடகு வைப்பது என்ன, திருப்புவது என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று மணி அடித்த பிறகும் நான்கு பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

இந்த ஓர் அட்டை மட்டும் ஏன் இவ்வளவு நன்றாக அமைந்தது என்று யோசித்து, அன்று மாலையே 96 அட்டைகளையும் மேசைமீது பரப்பினேன். காரணம் எளிதாகத் தெரிந்தது. ஜாதவுக்குப் பத்ம விருது எதுவும் கிடைக்கவில்லை. அர்ஜுனா விருதுகூட, அவர் 1984இல் விபத்தில் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்புதான் வந்தது. வரிகளை நிரப்ப விருது இல்லாததால் எழுதியவர் வாழ்க்கையைத் தேடிப் போக நேர்ந்திருக்கிறது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் நிறுவப்பட்ட ஆண்டு 1954. அந்த ஆண்டுக்கு முன்பே வாழ்ந்து மறைந்தவர்களின் அட்டைகள் ஏறத்தாழ அனைத்தும் நன்றாக இருக்கின்றன. அதற்குப் பிறகும் வாழ்ந்தவர்களின் அட்டைகளில் பெரும்பாலானவை விருதுப் பட்டியல்களாக இருக்கின்றன. பதிப்பாளர் நான்கு நிறங்களாகப் பிரித்திருக்கும் இந்தப் பெட்டியை நான் இரண்டாகவே பார்க்கிறேன்: விருதுக்கு முந்தியவர்கள், விருதுக்குப் பிந்தியவர்கள்.

முந்தியவர்களின் அட்டைகளுக்குச் சில எடுத்துக்காட்டுகள். நாராயண குருவின் அட்டை, 1888இல் அவர் நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அருவிப்புறத்தில் சிவனாக நிறுவியதைச் சொல்கிறது. கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்காக, பூசை செய்யும் உரிமை மறுக்கப்பட்ட ஒருவர் செய்த செயல் அது என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. சாவித்திரிபாய் புலேயின் அட்டை, 1848இல் புனேயில் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளியில் ஆரம்பித்து, 1897இல் பிளேக் நோயாளிகளைப் பராமரித்தபோது அதே நோய்க்கு அவர் பலியானதோடு முடிகிறது. வள்ளலார் அட்டையில் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவது இருக்கிறது. விவேகானந்தர் அட்டையில் 1893 செப்டம்பர் 11 சிகாகோ உரை வருவது இயல்பு. அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாள் வீடுவீடாகச் சென்று பணம் திரட்டினார் என்பதும் வருகிறது என்பதே சிறப்பு. தாகூர் அட்டையில் 1913இன் நோபல் பரிசு ஒரு வரி. ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து 1919இல் அவர் "சர்" பட்டத்தைத் துறந்தது இரண்டு வரி. பெற்றதைவிட விட்டதற்கு அதிக இடம் கொடுத்த அட்டை இந்தப் பெட்டியில் இது ஒன்றுதான்.

விருதுக்குப் பிந்தியவர்களிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 110 கிலோவும் 130 கிலோவும் தூக்கி, மொத்தம் 240 கிலோ கணக்கில் வெண்கலம் வென்ற விவரம் அவருடைய அட்டையில் இருக்கிறது. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்பதைக் காட்டிலும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது அந்த 130தான். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைக் கணக்காக வைத்து, ஐந்து சிப்பத்தை ஒன்றாகத் தலைக்குமேல் தூக்கினாலும் இன்னும் ஐந்து கிலோ பாக்கி இருக்கும் என்று அவர்களே கரும்பலகையில் போட்டுக் காட்டினார்கள்.

மொழிபெயர்ப்புப் பிழைகளில் மிக மோசமானது உஸ்தாத் பிஸ்மில்லா கான் அட்டையில் இருக்கிறது. பெட்டியின் உள்ளடக்கம் வேறொரு மொழியில் எழுதப்பட்டுத் தமிழாக்கம் செய்யப்பட்டது என்பது பல இடங்களில் தெரிகிறது. இங்கே அவரை "நாதஸ்வர மேதை" ஆக்கிவிட்டார்கள். படத்தில் அவர் கையில் இருப்பது ஷெனாய். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், திருவிழாக்களில் நாயனம் வாசிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன், அட்டையை வாங்கிச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது நாயனம் இல்லை சார், எங்க தாத்தாவோடது என் இடுப்பு உயரம் இருக்கும்" என்றான். அவன் சொன்னது சரி. இரண்டும் சீவாளி வைத்து ஊதும் கருவிகள், இரண்டும் மங்கலத்துக்கு உரியவை, ஆனால் நீளம் வேறு, நாதம் வேறு, மரபும் வேறு. காசியில் கங்கைக்கரையில் வளர்ந்த ஷெனாய் மரபை, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நிமிர்த்திக் காட்டிய நாகஸ்வர மரபாக எழுதினால் இருவருக்கும் நியாயம் செய்ததாகாது. ராஜரத்தினம் பிள்ளைக்கு இந்தப் பெட்டியில் அட்டையே இல்லை என்பதால், தமிழாக்கம் செய்தவர் அந்த இடத்தை இப்படி நிரப்பிவிட்டாரோ என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேலி செய்தார். 1947 ஆகஸ்ட்டில் செங்கோட்டையில் பிஸ்மில்லா கான் வாசித்ததை அட்டை குறிப்பிடுகிறது. அதற்கு மட்டும் நன்றி. மற்ற வரிகள் வழக்கம்போல 2001 பாரத ரத்னா முதலானவை.

நிறங்களால் பிரித்த முறைதான் என்னை அடுத்து யோசிக்க வைத்தது. ருக்மிணி தேவி அருண்டேல் கலை நிறத்தில் இருக்கிறார். 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவியவரை வேறெங்கே வைப்பது என்று கேட்கலாம். ஆனால் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்து, 1960இல் அந்தச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவரும் அவரே. 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு மொரார்ஜி தேசாய் கேட்டபோது மறுத்தவர். முத்துலட்சுமி ரெட்டி அரசியல் நிறத்தில் இருக்கிறார். "முதல்", "முதல்", "முதல் பெண்" என்று ஐந்து வரியில் மூன்று முதல்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு மருத்துவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது எந்த நிறத்தில் சேரும்? 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்த பி. டி. உஷா 2022 முதல் மாநிலங்களவையில் இருக்கிறார். அம்பேத்கர் அட்டைக்கு அரசியல் நிறம் பூசியதில் தவறில்லை. ஆனால் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியது அட்டையின் எந்த வரியிலும் இல்லாமல் போனதற்கு அந்த நிறம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சமயம் வேறு நிறம் என்பதால் எழுதியவர் அதைத் தொடவில்லை.

விதிமுறைத் தாளில் உள்ள ஆட்டம் ஒரே நிறத்து அட்டைகளைச் சேர்ப்பது. சீட்டாட்டத்தை ஒத்தது, எளிமையானது, மூன்று வாரத்தில் அலுத்துவிட்டது. அதைக் கைவிட்டு, வேறு வேறு நிறத்து இரண்டு அட்டைகளை எடுத்து அவற்றுக்கிடையே உண்மையான ஒரு தொடர்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மாற்றினேன். பள்ளி நூலகத்துக்கு வேலை வந்தது. நான்கு வெற்று அட்டைகளில் ஒன்றை நானே நிரப்பினேன், பால்வங்கர் பாலுவுக்காக. புனேயில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் மைதானத்தில் ஆடுகளத்தைப் பராமரித்தபடியே பந்துவீசக் கற்ற தலித் இளைஞர் அவர். ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொண்ட அணியினர், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர் 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1937 பம்பாய் மாகாணத் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். விளையாட்டு நிறமும் அரசியல் நிறமும் ஒரு தேர்தலில் மோதிக்கொண்டதைக் கண்ட எட்டாம் வகுப்பு, இருவரில் யார் பக்கம் என்பதில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாடவேளை முழுவதும் வாதாடியது.

விளையாட்டுப் பிரிவின் 20 அட்டைகளில் 11 கிரிக்கெட் வீரர்களுடையவை. மீதி ஒன்பதில் தியான் சந்த், மில்கா சிங், ஜாதவ், பிரகாஷ் படுகோன், உஷா, ஆனந்த், மல்லேஸ்வரி, அபினவ் பிந்த்ரா, மேரி கோம். கால்பந்து இல்லை. மாற்றுத்திறனாளி வீரர் ஒருவர்கூட இல்லை. 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கரும் இல்லை, சேலம் மாவட்டத்திலிருந்து சென்று 2016 ரியோவில் தங்கம், அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் வெள்ளி, வெண்கலம் என்று உயரம் தாண்டிய மாரியப்பன் தங்கவேலுவும் இல்லை. இரண்டாவது வெற்று அட்டை மாரியப்பனுக்குப் போனது. படத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டினார்கள். இம்முறை பசை ஒரு பக்கத்தில் மட்டும்.

தியான் சந்த் அட்டை தனியாகப் பேசத் தக்கது. 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ், 1936 பெர்லின் ஆகிய மூன்று தங்கங்களும் சரியாக உள்ளன. ஆனால் பெர்லின் இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8–1 என்று வென்ற நாளை ஆகஸ்ட் 14 என்று போட்டிருக்கிறார்கள். 14ஆம் தேதி நடக்க வேண்டிய ஆட்டம் மழையால் தள்ளிப்போய் 15ஆம் தேதி நடந்தது. சரியாகப் பதினோர் ஆண்டுகள் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை பெற்றது என்ற சுவையான பொருத்தத்தை ஒரு தேதிப் பிழையால் இழந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ஹிட்லர் அவருக்குப் பதவி தருவதாக அழைத்தார் என்ற செவிவழிக் கதையை வரலாற்றுச் செய்தியைப் போலவே அச்சிட்டிருக்கிறார்கள். "என்று சொல்வார்கள்" என்ற ஒட்டைச் சேர்த்திருந்தால் நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன். கதைக்கும் வகுப்பில் இடம் உண்டு, கதை என்று தெரிந்தால்.

ஆனந்த் அட்டை, உலகச் சதுரங்க வாகையர் ஆன ஒரே இந்தியர் என்கிறது. பெட்டியின் அடியில் 2025 பதிப்பு என்று இருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் பட்டம் பெற்றதை ஆறாம் வகுப்பே அறியும். அன்னை தெரசா அட்டையில் பிறந்த இடம் அல்பேனியா என்றுள்ளது. அவர் அல்பேனியக் குடும்பத்தவர். பிறந்தது ஸ்கோப்யே, இன்றைய வடக்கு மாசிடோனியாவின் தலைநகர். குடும்பத்தின் இனத்தையும் பிறந்த ஊரையும் ஒன்றாக்கிவிட்ட இந்தக் குழப்பத்தைப் பொது அறிவு நூல்கள் சிலவற்றிலும் பார்த்திருக்கிறேன்.

படங்களைப் பற்றி ஒரு குறை. குருநானக், கபீர், மீரா போன்றோர் புகைப்படக் கருவி பிறப்பதற்கு முன்பு வாழ்ந்தவர்கள். அவர்களுக்குப் பிற்கால ஓவியங்களே உண்டு. விவேகானந்தருக்கும் நாராயண குருவுக்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. பெட்டியின் ஓவியர் எல்லாரையும் ஒரே பாணியில் தீட்டியதால் இந்த வேறுபாடு அழிந்துவிட்டது. படத்தின் கீழே "கற்பனை ஓவியம்" என்று ஒரு சொல் போதும். திருவள்ளுவரின் முகமென்று நாம் அறிந்திருப்பது வேணுகோபால் சர்மாவின் தூரிகையில் பிறந்தது என்று கேட்டு அதிர்ந்துபோன மாணவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ரவிவர்மா அட்டையிலாவது இதைத் தொட்டிருக்கலாம். 1894இல் பம்பாயில் கல்லச்சகம் நிறுவி, சரசுவதிக்கும் இலட்சுமிக்கும் வீட்டுச் சுவரில் ஒரு நிலையான முகத்தைக் கொடுத்தவர் அவர். அட்டையில் அச்சகம் இல்லை, அரச குடும்பத் தொடர்பு மட்டும் இருக்கிறது.

ஒவ்வோர் அட்டையிலும் ஒரு க்யூஆர் குறியீடு உண்டு. ஸ்கேன் செய்தால் குரலையும் காணொளியையும் காணலாம் என்று பெட்டியின் மேல் விளம்பரம். உண்மையில் அது ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்லி, கைபேசி எண்ணையும் பிள்ளையின் வயதையும் கேட்கிறது. நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். இந்த வசதிக்காகப் பெட்டியை வாங்க நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவும். வாடிக்கையாளர் சேவையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடிகிறது: பெட்டியில் ஓர் அட்டை இரட்டையாகவும் வேறோர் அட்டை இல்லாமலும் இருந்ததை எழுதினேன், பத்து நாளில் விடுபட்ட அட்டை கூரியரில் வந்தது, செலவும் அவர்களுடையது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கோ பள்ளிக்கோ வாங்கலாம். அதற்குக் குறைந்த வயதில் படம் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன், அதில் ஒன்று ஜாதவ் அட்டைக்கு. திருத்திய பதிப்பு வரும்வரை, பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் நான்கு அட்டைகளை வெளியே எடுத்துவிடுங்கள். பிஸ்மில்லா கான் அட்டையில் "நாதஸ்வர"த்தை அடித்து "ஷெனாய்" என்றும், தெரசா அட்டையில் ஸ்கோப்யே என்றும், தியான் சந்த் அட்டையில் 15 என்றும் எழுதுங்கள். ஆனந்த் அட்டையில் "ஒரே" என்பதை "முதல்" என்று மாற்றுங்கள். பூச்சு மேல் சாதாரணப் பேனா எழுதாது, மை வழிந்துவிடும். சிடியில் எழுதும் மார்க்கர் பேனா பிடிக்கிறது.